ராமாத்தாளின் தொண்டை

ராமாத்தாளுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய கூட்டத்தில் பாதிப் பேர் பேதியிலும் சுரத்திலும் சுருண்டு கிடந்தபோது அவள் வாந்தி மட்டும் எடுத்தாள். அது கடலுக்காக எடுத்த வாந்தி. கரை சேர்ந்ததும் எல்லோரையும் வேலி போட்ட ஒரு முகாமில் அடைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அங்கேயும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அம்மை வரவில்லை, மலேரியா வரவில்லை. ஈரோட்டுப் பக்கத்து உடம்பு அப்படித்தான் என்று அவள் புருஷன் மணியம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவனும் ஈரோட்டுப் பக்கம்தான்; ஆனால் மாதம் ஒரு முறை படுத்துவிடுவான்.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் மலாயாவில், மலாக்காப் பக்கம், பாயா ரும்புட்டுக்கு வடக்கே இருந்த மூங்கில் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டம். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். சில வருடங்களில் விலை விழுந்தது. வேலையில்லாதவர்களை இலவசமாக ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மணியம் பெயர் கொடுத்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான்.

"நான் வரலீங்க" என்றாள் ராமாத்தாள்.

"ஏன்?"

"அந்தக் கப்பல்ல இன்னொரு தடவ ஏற மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

அவன் போனான். வரவில்லை. தோட்டத்துப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தபோது அவள் கோப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள்கூடப் படுக்காதவள் என்பதால் தோட்டத்தில் அவளை நிறுத்திவைத்துக்கொண்டார்கள். ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை அவள் பொறுப்புக்கு வந்தது.

பிள்ளை பெறாதவளிடம் பிள்ளைகளை விடுவதா என்று முதலில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. பிறகு அது நின்றுவிட்டது. காரணம், அவள் திருஷ்டி கழிப்பதில் கெட்டிக்காரி. அழுகை நிற்காத குழந்தையை மடியில் போட்டு, உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் எறிந்துவிட்டு, உச்சந்தலையில் மூன்று முறை ஊதுவாள். கடைசியாக முகத்துக்கு நேரே "தூ, தூ, தூ" என்பாள். துப்புவது போலப் பாவனைதான்; ஆனாலும் கொஞ்சம் எச்சில் படத்தான் செய்யும். பட்டால்தான் பலிக்கும் என்று தாய்மார்கள் நம்பினார்கள். ராமாத்தாளுக்கு ராசியான வாய் என்று பேர் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விலை மறுபடி ஏறத் தொடங்கிய வருடம் தோட்டத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். மந்தக் காலத்தில் செலவைக் குறைப்பதற்காக, ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். கூரை மாற்ற வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். அடுத்த மாதம் மாற்றலாம் என்று மேனேஜர் துரை சொன்னார். அடுத்த மாதம் என்பது நகர்ந்துகொண்டே போனது. ஆகவே புதியவர்களையும் பழையவர்களையும் சேர்த்து மற்ற லயங்களில் அடைத்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். ஒருவர் திரும்பிப் படுத்தால் வரிசை முழுக்கத் திரும்பிப் படுக்க வேண்டியிருந்தது. முனி வரும் என்று சுவரின் காற்றுப் பலகைகளை உள்பக்கம் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் சுப்பம்மாவின் மகள் கோமளாவுக்கு உடம்பு சுட்டது. கோமளாவுக்கு இரண்டு வயது. நடக்கக் கற்றுக்கொண்டு, ஆயாக்கொட்டகையின் தூண்களுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்த பிள்ளை. காலையில் சிணுங்கியது. மத்தியானம் வாந்தி எடுத்தது. சுப்பம்மா வேலை முடிந்து வாளியைக் கீழே வைத்ததும் ராமாத்தாளிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, நேத்து கடைக்காரன் பொண்டாட்டி இவள உத்து உத்துப் பாத்தா. சுத்திப் போடுங்க."

ராமாத்தாள் சுற்றிப் போட்டாள். ஊதினாள். துப்பினாள். குழந்தையின் கழுத்து விறைத்துப் பின்னுக்கு வளைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டது. காலில் பாக்குக் கறைபோல ஊதாப் புள்ளிகள் இருந்தன.

"இது திருஷ்டி இல்ல கண்ணு. டிரெஸ்ஸர் கிட்டக் கொண்டு போ" என்றாள்.

தோட்டத்து மருந்துக்காரர் சாமிநாதன், டிரெஸ்ஸர் என்றுதான் எல்லோருக்கும் அவரைத் தெரியும், பார்த்துவிட்டு லாரி கேட்டார். லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தது. விடிந்தபோது கோமளா இல்லை. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே மாதிரி போயின. மூன்றும் ஒரே லயம்.

முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். சாமிநாதன் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் மலாக்கா டவுனுக்கும் ஆள் அனுப்பினார்.

வந்தவர் டாக்டர் கணேசமூர்த்தி. பினாங்கில் பிறந்து, சிங்கப்பூரில் படித்து, சர்க்கார் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார், தமிழைப் புத்தகத்தில் படித்த மாதிரி பேசுவார். சிறிய காரில் பெட்டிகளை நிரப்பிக்கொண்டு வந்து, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டார். தோட்டத்தில் இருக்கும் எல்லோருடைய தொண்டையையும் பார்க்க வேண்டும் என்றார்.

"எங்களுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்லீங்களே ஐயா" என்றார் கங்காணி தம்புசாமி.

"அதனால்தான் பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வராதவர்களில் யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை."

தம்புசாமிக்கு இது புரியவில்லை. ஆனால் முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் அவர்தான். வளைந்த கம்பியின் முனையில் பஞ்சு சுற்றியிருந்தது. அதை உள்நாக்குக்குப் பின்னால், மேலே, மூக்கு வந்து சேரும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார் டாக்டர். கங்காணி அன்று காலை சாப்பிட்டதெல்லாம் களத்துக்கு வந்தது. வரிசையில் நின்றவர்கள் அதை மிகுந்த கவனத்தோடு பார்த்தார்கள்.

பஞ்சை உடனே ஒரு கண்ணாடித் தட்டில் கோடு கோடாகத் தடவினார்கள். தட்டில் பழுப்பு நிறக் கூழ் இருந்தது. அது ஆட்டு ரத்தம் கலந்த கூழ் என்று செய்தி பரவியது. யாருக்கு வைக்கப்போகும் செய்வினை என்று இரண்டு கிழவர்கள் விசாரித்தார்கள். தட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கி, வெந்நீர்ப் பைகளைப் பக்கத்தில் வைத்து, மேலே கம்பளி போர்த்தினார் டாக்டர்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த தம்புசாமி அதைப் பார்த்தார்.

"இது எதுக்குங்க ஐயா?"

"அந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாது. குளிர் பட்டால் செத்துவிடும்."

"செத்தா நல்லதுதானுங்களே?"

"செத்துவிட்டால் யாரிடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"அதுவும் சரிதான்" என்றார் கங்காணி. திரும்பி வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார்: "நமக்கு ஒரு கம்பளி கேட்டு எத்தன வருசமாச்சு. கிருமிக்கு உடனே கெடச்சிருச்சு லா."

சில நாள் கழித்து சாமிநாதன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர்களைப் படித்தார். லயத்தில் நாலில் ஒருவர் பெயர் வந்தது. கங்காணி தம்புசாமி. சுப்பம்மா. சுப்பம்மாவின் புருஷன் மருதமுத்து. ராமாத்தாள். இன்னும் பலர். அவர்கள் யாருக்கும் தலைவலிகூட இல்லை.

டாக்டர் எழுந்து விளக்கினார். கிருமி தொண்டையில் குடியிருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, தானாகப் போய்விடும். இருமினால், தும்மினால், முகத்தருகே பேசினால் அடுத்தவர் தொண்டைக்குப் போகும். போகிற இடத்தில் யாரோ ஒருவருக்கு மட்டும் அது ரத்தத்தில் இறங்கி மூளையைச் சுற்றியுள்ள சவ்வைப் பிடித்துக்கொள்ளும். அது ஏன் அந்த ஒருவரைப் பிடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பெயர் வந்தவர்களைப் பள்ளிக்கூடக் கொட்டகையில் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தார்கள். மறுபடி சோதனை நடந்தது. பாதிப் பேர் சுத்தமாகி வீடு திரும்பினார்கள். அவர்களில் சுப்பம்மாவும் மருதமுத்துவும் இருந்தார்கள். அடுத்த சோதனையில் கங்காணி போனார். கடைசியில் கொட்டகையில் ஒரே ஒரு ஆள் மிச்சம். எத்தனை முறை தட்டில் தடவினாலும் ராமாத்தாளின் தொண்டைக் கிருமி செழிப்பாக வளர்ந்தது.

"எனக்குக் காய்ச்சலே வந்ததில்லீங்களே" என்றாள் அவள்.

"தெரியும்" என்றார் டாக்டர். "அதுதான் சங்கடம்."

ஒருவருக்காகப் பள்ளிக்கூடத்தை மூடிவைக்க முடியாது என்பதால் அவளைப் பழைய மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். சோறு கயிற்றுக்கு வெளியே வைக்கப்பட்டது. சாமிநாதன் தினமும் வந்து தொண்டையில் மருந்து அடிப்பார். அது செம்புக் காசை நக்கிய மாதிரி கசந்தது. மாடுகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ஆனால் மாட்டு ஈக்கள் போகவில்லை.

இத்தனை பேர் பெயரும் படிக்கப்பட்டதைத் தோட்டம் சீக்கிரமே மறந்துவிட்டது. மிஞ்சியவள் ஒருத்திதான், ஆகவே அவள்தான் என்று ஆகிப்போனது. எந்தெந்தப் பிள்ளைக்கு அவள் ஊதினாள், எப்போது ஊதினாள் என்று பெண்கள் குழாயடியில் கணக்குப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் சுப்பம்மா கயிற்றருகே வந்து நின்றாள். முடி வாராமல் இருந்தது.

"எம் புள்ளயோட உச்சந்தலையில நீதானே ஊதுன?"

"ஆமா."

"மூஞ்சியில துப்புனியே."

"ஆமா கண்ணு. நீ கேட்ட, நான் செஞ்சேன்."

"நீ நல்லாத்தான் இருக்க. குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்க. எம் புள்ள மண்ணுல கெடக்குது."

ராமாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சுப்பம்மா கீழே இருந்த சோற்றுத் தட்டைக் காலால் எற்றிவிட்டுப் போனாள். ராமாத்தாள் சிதறிய சோற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். காகங்கள் வந்தன. அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை. அவள் வாழ்க்கையில் அதுவும் புதிது.

அடுத்த முறை டாக்டர் பஞ்சோடு வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு நாந்தான் குடுத்தனா?"

டாக்டர் கம்பியைத் தாழ்த்தினார். "தெரியாது."

"தெரியாதுன்னா?"

"உங்களிடமிருந்து அவளுக்குப் போயிருக்கலாம். அவளிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் வேறு யாரிடமிருந்தோ வந்திருக்கலாம். சோதனை செய்தது பிள்ளை இறந்த பிறகு. அதற்கு முன்னால் யார் தொண்டையில் இருந்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தன படிச்சீங்க?"

"ஆமாம்" என்றார் டாக்டர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. "தெரியும் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை என்று தோன்றியது. வாயைத் திறந்தாள்.

டாக்டரின் கவலை வேறொன்றில் இருந்தது. அவர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு லயத்து அறைகளில் பாய்க்கும் பாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார். தூரமே இல்லாத இடங்களில் நாடாவை மடித்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார். காற்றுப் பலகைகளின் சாக்கைப் பிடுங்கச் சொன்னார். முனி வந்தால் யார் பொறுப்பு என்று தம்புசாமி கேட்டதற்கு, தன் பெயரைச் சொல்லச் சொன்னார். பிறகு துரையின் பங்களாவுக்குப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. பூட்டிய லயத்தின் கூரை அந்த மாதமே மாற்றப்பட்டது. அதைத் திறக்க மூன்று பிள்ளைகள் போக வேண்டியிருந்தது.

குடும்பங்கள் பிரிந்து படுத்தன. பாய்களுக்கு நடுவே கை நீட்டினால் எட்டாத அளவு இடம் விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்; சாமிநாதன் காலையில் வந்து பார்ப்பார். முதலில் எல்லோரும் குளிரில் முனகினார்கள். மீண்டும் மீண்டும் தொண்டையைப் பார்த்ததில் லயங்களில் புதிதாகக் கிருமி தொற்றியவர்களின் எண்ணிக்கை சரசரவென்று குறைந்தது. டாக்டர் ஒரு லயத்தில் மட்டும் எல்லோருக்கும் அந்தத் தொண்டை மருந்தை அடிக்கச் சொல்லியிருந்தார்; அடித்த லயத்திலும் குறைந்தது. அடிக்காத லயத்திலும் அதே அளவு குறைந்தது. ஆகவே மருந்தால் ஒரு பயனும் இல்லை, இடைவெளிதான் வேலை செய்கிறது என்ற முடிவுக்கு டாக்டர் வந்தார். இதை அவர் ராமாத்தாளிடம் சொன்னார்.

"அப்ப இந்தக் கசப்பத் தெனமும் எதுக்குக் குடுத்தீங்க?"

"பயன் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கு."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள். மாட்டுக்கொட்டகைக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் அவளை என்ன செய்வது என்பது டாக்டருக்கும் தெரியவில்லை. ஆயாக்கொட்டகைக்கு வேறொருத்தியைப் போட்டாயிற்று. மரம் வெட்ட அனுப்பலாம் என்றால் பக்கத்து நிரையில் வெட்ட யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். டவுன் ஆஸ்பத்திரியில் இந்த மூளைக்காய்ச்சல்காரர்களைத் தனியாக ஒரு வார்டில் வைத்திருக்கிறார்கள்; அங்கே வேலை செய்ய ஆள் கிடைப்பதில்லை.

"ஏனுங்க, எந் தொண்டைய வெச்சுக்கிட்டா?"

"அங்கே இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. நீங்கள் புதிதாக எதையும் கொடுத்துவிட முடியாது. முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வார்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் தங்கலாம்."

பாதுகாப்பான இடம் என்று உலகத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. டாக்டரின் கார் பின்சீட்டில், கண்ணாடிகள் இறக்கியபடி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். வழியனுப்ப சாமிநாதன் மட்டும் வந்திருந்தார். மழை பெய்தது. கண்ணாடியை ஏற்றக் கூடாது என்பதால் நனைந்தபடியே போனார்கள்.

வார்டு மலைச்சரிவில் தள்ளி இருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் வந்தார்கள். கழுத்து வளைந்து வந்தார்கள், சன்னியில் பிதற்றிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய முக்கியமான வேலை பிடித்துக்கொள்வது. டாக்டர் முதுகெலும்புக்கு நடுவே நீண்ட ஊசியைச் செருகிச் சீழ்போன்ற நீரை எடுத்து, அதே வழியில் மருந்தைச் செலுத்துவார். நோயாளி அசையக் கூடாது. முழங்காலும் தலையும் சேரும்படி சுருட்டி, அவள் தன் இரண்டு கைகளுக்குள் அடக்கிப் பிடித்துக்கொள்வாள். "எறால் மாதிரி சுருண்டுக்கோ கண்ணு" என்று தமிழர்களுக்குச் சொல்வாள். மலாய்க்காரர்களுக்கு "உடாங், உடாங்" என்பாள். அவர்களுக்கு அந்த நிலையிலும் புரிந்தது.

பாதிக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது போனது. அவள் இறந்தவர்களைத் துடைத்துத் துணி சுற்றுவாள், படுக்கையைக் கழுவுவாள், அடுத்தவருக்கு விரிப்பாள். அழுவது கிடையாது. ஆனால் சிறு பெண் குழந்தைகள் வந்தால் தூக்குவதற்கு முன், முகத்துத் துணியை ஒரு தடவை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

மாதங்கள் கழித்து ஒரு நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். அதில் ஒன்றும் முளைக்கவில்லை.

"போய்விட்டது" என்றார்.

"எப்படீங்க?"

"தானாக."

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒரு தடவை. மூன்றும் சுத்தம். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் எங்கே போவது என்று யோசித்தாள். அன்றைக்கு வார்டில் ஒரு சீனக் கிழவனுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. அதற்குப் போய்விட்டாள்.

டாக்டர் கணேசமூர்த்திக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது. புதியவர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் துணியை மட்டும் விடவில்லை. யார் எவ்வளவு சொன்னாலும் கட்டிக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைவாள். டவுனில் அவளைத் தெரிந்துகொண்டவர்கள் பிள்ளைகளைத் திருஷ்டி கழிக்கத் தூக்கி வருவார்கள். உப்பும் மிளகாயும் சுற்றுவாள். ஊத மாட்டாள், துப்ப மாட்டாள். பலித்ததா இல்லையா என்று யாரும் வந்து புகார் சொல்லவில்லை.

முப்பத்தொன்பதாம் வருடம் மழை முடிகிற நேரத்தில், காலைச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தபோது, வார்டு வாசலில் ஒரு தோட்டத்து லாரி வந்து நின்றது. மருதமுத்து முதலில் குதித்தான். அவனுக்குப் பின்னால் சுப்பம்மா ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கோமளா போனதற்கு அடுத்த வருடம் பிறந்தவன் அவன். சேகரன் என்று பெயர். தலை பின்னுக்கு வளைந்திருந்தது.

ராமாத்தாள் கையை நீட்டினாள். முகத்தில் பாதி துணி மூடியிருந்தாலும் சுப்பம்மாவுக்குக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"வேற யாரயாவது கூப்புடுங்க."

"வேற யாரும் இல்ல."

"இவகிட்டக் குடுக்க மாட்டேன்" என்றாள் மருதமுத்துவிடம். "இவகிட்டயா? மறுபடியுமா?"

மருதமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான், ராமாத்தாளைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

"சுப்பம்மா, கேளு" என்றாள் ராமாத்தாள். "எந் தொண்ட சுத்தம்னு சொல்லி அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. நீ நம்ப வேணாம். நான் துணி கட்டியிருக்கேன். கைய வெந்நீருல கழுவியிருக்கேன். திட்டறதுன்னா அப்பறம் திட்டு, நான் எங்கயும் போகல. இப்பப் புள்ளயக் குடு. அன்னிக்கி லாரி இல்ல. இன்னிக்கி லாரியிலயே வந்துட்ட. இங்க நின்னு நேரத்தப் போக்காத."

சுப்பம்மாவின் கை தளர்ந்தது. சேகரன் கை மாறினான்.

அந்த வருடம்தான் ஆஸ்பத்திரிக்குப் புது வெள்ளை மாத்திரை வந்திருந்தது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்தபின், அந்த மாத்திரையை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார் அப்போதிருந்த புது டாக்டர். பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். ராமாத்தாள் அவனைத் தன் மார்பில் சாய்த்து, கன்னத்தை அமுக்கி, ஓரத்தில் கரண்டியை நுழைத்தாள். பாதி வழிந்தது. வழிந்ததற்கு மறுபடி கரைத்தாள். அவன் கக்கினான். அவள் துடைத்துவிட்டு மறுபடி கரைத்தாள். சுப்பம்மா வராந்தாவில் கம்பிகளுக்கு அப்பால் நின்று ஒவ்வொரு கரண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய நாட்களில் இந்த நிலையில் வந்த பிள்ளைகள் மூன்றாம் நாளைத் தாண்டுவது அபூர்வம். சேகரன் மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, அந்நியர்களைப் பார்த்து எரிச்சலோடு, "கோப்பி" என்றான்.

ராமாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து கொண்டுவந்த நர்ஸ் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அன்று வெயில் ஏறியபின் அவள் வராந்தாவுக்கு வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். சுப்பம்மா அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். 

"அக்கா" என்றாள் சுப்பம்மா. "மொதல்ல பேரு படிச்சப்ப, எம் பேரும் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அவரு பேரும்."

"ஆமா."

"அன்னிக்கி நான் வந்து கத்துனேனே. அப்ப நீ சொல்லியிருக்கலாமே, ஒந் தொண்டையிலயுந்தாண்டி இருந்துச்சுன்னு. ஏன் சொல்லல?"

ராமாத்தாள் துணியின் முடிச்சைச் சரி செய்துகொண்டாள்.

"வாய் வரைக்கும் வந்துச்சு. ஒனக்கு ஏற்கெனவே புள்ள போச்சு. அதுமேல இது வேறயா?"

சுப்பம்மா அழுதாள். ராமாத்தாள் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. கோமளாவுக்கு யார் கொடுத்தது என்று சுப்பம்மா அழுகைக்கு நடுவே ஒரு தடவை கேட்டாள். தெரியாது என்றாள் ராமாத்தாள். பெரிய டாக்டருக்கே தெரியாது, கேட்டுப் பார்த்தாயிற்று என்றாள்.

சேகரனுக்கு இடது காது போய்விட்டது. அது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பாததற்கு முதலில் இரண்டு அடி வாங்கினான். பிறகு சுப்பம்மா புரிந்துகொண்டு, அவனுக்கு வலது பக்கமாக வந்து பேசப் பழகினாள். டவுன் பாசாரில் சாமான் வாங்க வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வந்து, கம்பிக்கு வெளியே முருங்கைக்காயோ பூசணிக்கீற்றோ வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் கம்பிக்கு உள்ளே வந்தே கொடுக்கத் தொடங்கினாள்.

அந்த வருடக் கடைசியில் அம்மை நோய்ப் பயம் கிளம்பியது. சர்க்கார் ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போய் அம்மை குத்தினார்கள். போன இடத்திலெல்லாம் பெண்கள் பிள்ளைகளோடு ரப்பர்க் காட்டுக்குள் ஓடினார்கள். கூட ஒரு தமிழ்ப் பெண் வந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, ராமாத்தாளை அனுப்பினார்கள். அவள் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரட்டுக் களத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். பேசச் சொன்னார்கள். அவளுக்குப் பேசிப் பழக்கமில்லை.

"நான் ராமாத்தா. மூங்கில் தோட்டத்துல ஆயாவா இருந்தேன்" என்றாள். "எனக்குக் காய்ச்சலே வந்ததில்ல. ஆனா எந் தொண்டையில நோவு இருந்துச்சு, எனக்கே தெரியாம. மூணு புள்ளைக செத்துப்போச்சு. என்னாலயா இல்லியான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அந்த நோவுக்கு முன்கூட்டியே குத்தறதுக்கு ஊசி கெடயாது. இதுக்கு இருக்குது."

அவ்வளவுதான் அவள் பேச்சு. கூட்டத்தில் யாரும் மேசைப் பக்கம் வரவில்லை. அம்மை குத்த வந்த இளம் அதிகாரி இன்னும் கொஞ்சம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார்.

முன்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற மீனம்மா என்ற பெண் கேட்டாள்: "குத்துனா வலிக்குமாக்கா?"

"வலிக்கும்."

"காய்ச்சல் வருமா?"

"வரும். ரெண்டு நாளு அழுவான். அப்பறம் புண்ணாகி ஆறும், தழும்பு நிக்கும்."

மீனம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். மத்தியானத்துக்குள் வரிசை ஸ்டோர் வரைக்கும் நீண்டது. அதிகாரி வரிசையை நெருங்கி நிற்கச் சொன்னார். ராமாத்தாள் அவர்களைத் தள்ளித் தள்ளி நிற்க வைத்தாள். அதில் இருவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.